ஓதம் ஏறிய சுவரும் புதுத் தரையும்



குளிர்நாடுகளில் வீட்டுக்கு அடியிலே நிலவறை கட்டுவார்கள். நம் தோட்டப்புறங்களில் அந்த வழக்கம் இல்லை. ஆனால் குன்றுச் சரிவை வெட்டி, தளம் எடுத்துக் கட்டிய வீடுகள் உண்டு. அவற்றின் பின்சுவர், பெரும்பாலும் குசினிச் சுவர், இடுப்பளவு மண்ணை அணைத்தபடி நிற்கும். மழை பெய்தால் மேட்டு நீரெல்லாம் அந்தச் சுவரில்தான் இறங்கும். உள்ளே பூச்சு உப்பும். வெள்ளைப் பொடி பூக்கும். தரையோரம் கறுத்துப் பூசணம் பிடிக்கும். இழுப்பு நோயுள்ள குழந்தை அந்த வீட்டில் இருந்தால், தாய்க்கு இரவில் தூக்கம் ஏது?

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடானால் முதலில் நிர்வாகத்திடம் சொல்லுவோம். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டப்படி பழுதுபார்க்கும் பொறுப்பு முதலாளியுடையது. சொந்த வீடானால் செலவு நம்முடையது.

சுவருக்கு வெளியே மண்ணைத் தோண்டி, தார்ப்பூச்சு கொடுத்து, அடியில் சரளைக்கல்லும் துளைக்குழாயும் போட்டு நீரைக் கால்வாய்க்குத் திருப்புவதே முறையான வைத்தியம். மண் சரியக்கூடிய வேலையாதலால், பழக்கமுள்ள கொத்தனாரைக் கொண்டு பகுதி பகுதியாகத் தோண்ட வேண்டும். அது முடிந்தபின் வீட்டுக்குள்ளே சுவரையும் தரையையும் எப்படித் திரும்பக் கட்டுவது என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

வெளியே தார் காய்ந்த மறுவாரமே உள்ளே சிமெண்டு பூசி, வண்ணம் அடித்து, தீபாவளிக்கு வீட்டை அழகாக்கிவிடுவோர் பலர். அடுத்த தீபாவளிக்குள் பூச்சு மறுபடி உப்பிவிடும். பழி கொத்தனார்மீது விழும். உண்மையில் நடப்பது என்ன? பல ஆண்டுகளாகச் சுவர் குடித்த நீர் இன்னும் செங்கல்லுக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் அடைபட்டுவிட்டதால், அது உட்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வழியையும் பூசி மூடினால் நீர் எங்கே போகும்?

ஆகவே பழைய பூச்சை, ஓதக்கறை தெரியும் இடத்துக்கு மேலே ஓரடி வரைக்கும் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லைத் திறந்தபடி விட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களின் பொதுக் கணக்கு. நாலரை அங்குலச் சுவருக்கு நாலைந்து மாதம் ஆகும். நம் நாட்டு ஈரக்காற்றில் இன்னும் கூடலாம். மேற்குக்கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகுதி. ஆதலால் வெளிவேலையை பிப்ரவரியிலோ ஜூன் மாதத்திலோ தொடங்குவது நல்லது. பிப்ரவரியில் தொடங்கினால் தீபாவளிக்கும் கணக்குச் சரியாக வரும்!

செங்கல்மேல் பூக்கும் வெள்ளைப் பொடி உப்பு. அதை உலர்ந்த தூரிகையால் தேய்த்துத் தள்ள வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடும். கொத்தி எடுத்த பழைய பூச்சையும் கலவையில் சேர்க்கக்கூடாது. அதிலுள்ள உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கடல்மணலும் இதே காரணத்தால் ஆகாது.

சுவர் உலரும் காலத்தில் தரையைக் கவனிக்கலாம். பழைய தரையைப் பெயர்த்து, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, இரண்டங்குலம் மணல் பரப்ப வேண்டும். அதன்மேல் கனத்த பிளாஸ்டிக் தாள். செலவு சொற்பம், ஆனால் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். தாளோடு தாள் ஆறங்குலம் ஏறி நிற்க வேண்டும். ஓரங்கள் சுவரில் ஒரு சாண் உயர மடிய வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையில்தான் நீர் முதலில் கசியும். ஆணிச் செருப்போடு யாரும் அதன்மேல் நடக்காமல் பார்த்துக்கொள்வோம். பிறகு சிமெண்டு ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்று கலந்து, நாலங்குலக் கனத்தில், வாசலை நோக்கிச் சற்று வாட்டம் கொடுத்துப் போட வேண்டும். ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டுக் காப்பாற்ற வேண்டும்.

தரையில் ரப்பர் பாய் விரிக்குமுன் ஒரு சோதனை. ஒன்றரையடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் அடைத்து, ஒருநாள் முழுதும் விட்டுவிடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடிப்பக்கம் வேர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் கீழிருந்து வருகிறது. மேற்பக்கம் மட்டும் வேர்த்திருந்தால் அது சமையல் ஆவி. சன்னலைத் திறந்து வைத்தால் போதும். சுவரிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

சுவர் உலர்ந்தபின் சிமெண்டு ஒரு பங்குக்கு மணல் ஐந்து பங்கு கலந்து பூசலாம். அதன்மேல் எண்ணெய் வண்ணம் வேண்டாம். அது சுவரின் மூச்சை அடைத்துவிடும். அந்தக்கால லயங்களுக்கு அடித்த சுண்ணாம்பே முதல் ஆண்டுக்கு ஏற்றது. அலமாரியையும் மெத்தையையும் அந்தச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே வைத்திருப்போம்.