சிறையில் கற்ற மொழி

(நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் ஆற்றிய உரை)



துன்பம் தானாகவே எவரையும் இறைவனிடம் கொண்டுசெல்வதில்லை. துன்பத்தால் மனம் கசந்துபோனவர்களையும் நாம் அறிவோம். ஆகவே, நமது கண்டி நகரில் வாழ்ந்து மறைந்த ஒருவரை இன்று நினைவுகூர விரும்புகிறேன்.

2015இல் காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தப்பட்ட யோசப் வாஸ் அடிகளார் கோவாவைச் சேர்ந்தவர். 1692இல் கண்டிக்கு வந்ததும், போர்த்துக்கேய ஒற்றன் எனச் சிறைவைக்கப்பட்டார். யாழ்ப்பாணத்தில் தமிழில் பணிசெய்தவர், இங்கே சிறையிலிருந்தபடியே சிங்களம் கற்றார். விடுதலைக்காக மன்றாடாமலா இருந்திருப்பார்? ஆனால் அதுவரை கைகட்டிக் காத்திருக்கவில்லை.

1697இல் நகரில் பெரியம்மை பரவியது. மன்னரும் நகரைவிட்டு அகன்றார். உறவினரே நோயாளரைக் கைவிட்டனர். அடிகளார் போகவில்லை. உடனிருந்த குருவோடு நோயாளரைத் தேடிச்சென்று உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கஞ்செய்தார். சாகக்கிடந்தவர்கள் முனகியது அவருக்கு விளங்கியது. சிறையில் கற்ற மொழியல்லவா!

1983க்குப் பின் கண்டியை விட்டுப்போன நம் தோழியர் பலர், போன இடத்தில் புதுமொழி கற்றார்கள். விரும்பிக் கற்றதல்ல. இன்று அதே மொழியில், அந்நியர் ஒருவரின் நோய்ப்படுக்கையருகே அமர்ந்து பேசுவோரும் அவர்களுள் இருக்கிறார்கள்.