அத்திவாரம் வெட்டும்போது வாருங்கள்

கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் முப்பது நாற்பது வருடம் உழைத்து, பிள்ளைகளைக் கரைசேர்த்து, இளைப்பாறிய எங்கள் ஊர்த் தம்பதியர் பலருக்கு இப்போது ஓர் ஆசை. ஊர்க் கோயில் திருப்பணி நடக்கிற காலத்தில் வந்து நின்று தாங்களும் கைகொடுக்க வேண்டும் என்று. "நாங்கள் வந்தால் பிரயோசனம் இருக்குமோ, இல்லாட்டி உங்களுக்குக் கரைச்சலோ?" என்று தொலைபேசியில் கேட்கிறார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு வலிகாமத்துக் கோயில் வேலைகளைப் பார்த்துத் திரிகிறவன் நான். இதற்குப் பதிலை வானொலியில் சொல்லிவிட்டால், ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லுகிற வேலை மிச்சம்.

எப்போது வருவது, வந்து என்ன செய்வது, எங்கே தங்குவது, போகும்போது எதை ஒப்படைத்துவிட்டுப் போவது என்று நான்கு தலைப்பு எழுதி வைத்திருக்கிறேன். நான்கையும் முடிப்பேனா என்பது மணிக்கூட்டின் கையில்.

எப்போது வருவது? எல்லோரும் கும்பாபிஷேகத்துக்குத்தான் வருகிறார்கள். எண்ணெய்க்காப்பு அன்று வந்து இறங்கி, மண்டலாபிஷேகம் நாற்பத்தெட்டு நாளும் முடியுமுன்னமே விமானம் ஏறிவிடுகிறார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் அந்த நாட்களில் கோயிலில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆள் தேவைப்படுவது அதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்னால். பாலஸ்தாபனம் முடிந்து, சுவாமி சின்னக் கொட்டிலில் இருக்க, வீதியெல்லாம் மணலும் கம்பியுமாய்க் கிடக்கிற காலம் அது. ஒரு மேளச் சத்தம் இருக்காது. படம் எடுத்து அனுப்பவும் ஒன்றும் இருக்காது. தை பிறந்த பிறகு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அத்திவாரக் கிடங்கு குளமாகிவிடும். டெங்கு நுளம்பும் மாரியோடு சேர்ந்துதான் வரும்.

இனி இரண்டாவது தலைப்பு, என்ன செய்வது. இதில் கொஞ்சம் நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது உங்களுக்குத் தெரியும். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகளில் பல இருபது வருடத்துக்கும் மேலாகப் பற்றைக்குள் கிடந்து, பகுதி பகுதியாகத் திரும்பக் கிடைத்தன. அப்படித் திரும்பிய கோயில்கள் சிலவற்றில் அத்திவாரக் கோடுகூடத் தெரியவில்லை. வரைபடம் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். சின்ன ஊர்க் கோயிலுக்கு யார் ஐயா வரைபடம் கீறி வைத்தது?

அப்படி ஒரு பிள்ளையார் கோயிலில் பற்றை வெட்டிக்கொண்டு நிற்கும்போது கனடாவிலிருந்து ஒரு அண்ணையும் அக்காவும் வந்தார்கள். இருவருக்கும் எழுபது தாண்டியிருக்கும். அண்ணை தடியால் நிலத்தில் கீறிக் காட்டினார். இங்கே வசந்த மண்டபம், இந்தத் தூணடியில்தான் புராணபடனம், இதிலே ஓதுவார் இருப்பார், அதிலே பயன் சொல்லுகிறவர் இருப்பார் என்று. கந்தபுராணம் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த மண்டபம் அப்படியே கண்ணுக்குள் நின்றது. மடைப்பள்ளி எங்கே என்று கேட்டேன். தெற்கு வீதிப் பக்கம் கையை நீட்டினார். அக்கா விடவில்லை. "உங்களுக்கு மடைப்பள்ளியில என்ன வேலை இருந்தது, சொல்லுறதுக்கு? நான் மாமியோட புக்கைக்கு அரிசி கொண்டுபோன வழி எனக்குத் தெரியாதே? கிணத்தடியைத் தாண்டித்தான் படி இருந்தது" என்றார்.

அக்கா காட்டிய இடத்தில் வெட்டினோம். முழங்கால் ஆழத்திலே கரி படிந்த கல்லும், பக்கத்தில் கிணற்றுக் கட்டும் வந்தன. அன்றைக்கு விளங்கிய ஒன்றை இன்றுவரை எல்லாக் கோயில் சபைக்கும் சொல்லுகிறேன். கோயிலை ஆண்கள் பார்த்த பக்கம் வேறு, பெண்கள் பார்த்த பக்கம் வேறு. மண்டபமும் தேர்முட்டியும் அவர் ஞாபகத்தில் இருக்கும். மடைப்பள்ளியும் நந்தவனமும் கிணற்றடியும் இவர் ஞாபகத்தில் இருக்கும். இரண்டையும் ஒட்டினால்தான் முழுக் கோயில். ஆகவே தம்பதியராக வாருங்கள். வந்து சண்டை பிடியுங்கள். நாங்கள் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்கிறோம்.

கிணறு என்று வாயில் வந்துவிட்டது. இனி என்னை நிற்பாட்ட முடியாது, நேயர்களே. தண்ணீரையும் உப்பையும் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் ஒருவன் கட்டிடம் பற்றிக் கதைக்கக் கூடாது.

எங்கள் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை விட்டால் ஆறு என்று ஒன்றில்லை. ஆகவே எங்களுக்கென்று ஆற்று மணல் இல்லை, கருங்கல்லும் இல்லை. இரண்டும் ஆனையிறவு தாண்டித்தான் வரவேண்டும். கையெட்டும் தூரத்தில் கிடப்பது கடலோர மணல், அதில் உப்பு. நிலத்தடியில் இருப்பது மழைநீர். கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புநீருக்கு மேல் ஆடையாக நிற்கிறது. கோடையில் அதிகமாக இறைத்தால் அந்த ஆடை கிழிந்து சவர் மேலே வரும். தை மாதம் குடித்த கிணறு ஆவணியில் வேறு கிணறாக இருக்கும்.

அந்தப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துக் கிணற்றிலிருந்துதான் கொன்கிறீற் குழைக்கத் தண்ணீர் எடுத்தோம். அக்கா தினமும் காலையில் ஒரு செம்பு அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார். ஆடி மாதம் ஒருநாள் துப்பிவிட்டு, "தம்பி, இது சவர் ஏறிட்டுது" என்றார். மேசன் சிரித்தார். "அம்மா, நாங்கள் இதைக் குடிக்கப்போறமே? குழைக்கத்தானே!" அக்கா அசையவில்லை. "தீவுப்பகுதியில பிறந்து வளந்தவள் நான். குடத்தோட நடந்த நாக்கு இது" என்றார்.

மேசன் நல்ல தொழிலாளி. ஆனாலும் இந்த இடத்தில் அக்காவின் பக்கமே சரி. குடிக்கத் தகுந்த தண்ணீர்தான் குழைக்கவும் தகுந்தது. உப்பு சீமெந்தோடு உள்ளே போய்க் கம்பியைத் தொடும். கம்பி கறள் பிடிக்கும். கறள் பிடித்த இரும்பு பருத்து, சுற்றியுள்ள கொன்கிறீற்றை உள்ளிருந்து பிளக்கும். வெளியே தெரிய வருடங்கள் ஆகும். கும்பாபிஷேகம் முடிந்து, படமெல்லாம் எடுத்து, அடுத்த பன்னிரண்டு வருடத்துத் திருப்பணிக்கு நாள் பார்க்கும்போது தூண் வெடித்து நிற்கும். அன்றைக்கே தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். அக்காவின் நாக்குச் சொன்னதைத்தான் தாளும் சொன்னது. அதன்பிறகு ஒரு தோட்டக்காரர் தன் கிணற்றிலிருந்து பவுசரில் தண்ணீர் தந்தார். அதுவும் திருப்பணிதான். அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

"அப்ப எங்கட பழைய கோயில்கள் எப்பிடி நிண்டுது?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. அவற்றுக்குள் இரும்பு இல்லை. பொழிந்த சுண்ணாம்புக்கல், நீற்றிய சுண்ணாம்பு, அதில் கடுக்காய்த் தண்ணீரும் பனங்கட்டியும். உப்பு வந்தாலும் கறள் பிடிக்க உள்ளே ஒன்றுமில்லை. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் போனபோது ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயங்கள் கூரை போன நிலையில் நின்றன. சுவர்கள் நின்றபடியால்தான் மேலே கூரை போட்டுப் பாவிக்க முடிந்தது. அந்த மிஷனில் 1820இல் வந்த ஸ்போல்டிங் தம்பதியர் உடுவிலிலேயே வயதாகி, கணவர் 1873இலும் மனைவி 1874இலும் இங்கேயே கண்மூடினார்கள். கடல் கடந்து கட்ட வந்தவர்கள் கட்டியதோடு இருந்தும் பார்த்தார்கள். அதைத்தான் நான் கேட்கிறேன், அரை நூற்றாண்டு வேண்டாம், ஆறு மாதம் போதும்.

இப்படி வந்து, இருந்து பார்ப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதும் அல்ல. மலாயாவில் றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை செய்த யாழ்ப்பாணத்தார், கோலாலம்பூரில் கந்தசுவாமி கோயிலையும் சிங்கப்பூரில் செண்பக விநாயகர் கோயிலையும் எழுப்பினார்கள். பென்சனோடு ஊர் திரும்பி, மலாயன் பென்சனியர் என்று பெயர் வாங்கி, இங்கே பள்ளிக்கூடம், கோயில், வாசிகசாலை எல்லாவற்றிலும் கணக்குப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் அவர்களுக்குக் கொஞ்சம் பயமும் இருந்தது. ஒரு சதம் பிசகினால் விடமாட்டார்கள். இன்றைய வெளிநாட்டுத் தம்பதியரிடமும் அந்தக் கண்டிப்பை எதிர்பார்க்கிறேன்.

அப்படி ஒரு கண்டிப்பை நான் கண்டதும் உண்டு. ஜேர்மனியில் ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் கும்பாபிஷேகம் கண்டது. அந்த நாட்டில் சாரத்தில் ஏறுகிறவர் என்ன அணிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு தம்பதியர், இங்கே ஓர் அம்மன் கோயிலில் கோபுர வேலை நடந்த இடத்தில் தமிழ்நாட்டுச் சிற்பிப் பிள்ளைகள் வெறுங்காலோடு சாரத்தில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, தங்கள் உபயத்தை மாற்றிக்கொண்டார்கள். கலசத்துக்கு வைத்திருந்த காசில் இடுப்புப்பட்டியும் தலைக்கவசமும் வாங்கிக் கொடுத்தார்கள். சபையில் முணுமுணுப்பு வந்தது. அம்மாளாச்சி கோபித்ததாக இதுவரை தகவல் இல்லை.

தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். மூன்றாவதும் நான்காவதும் ஓட்டமாக. தங்குவதற்குக் கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் சொந்தக்காரர் வீடு பாருங்கள். மருந்துகளை ஆறு மாதத்துக்கு எடுத்து வாருங்கள். வெயில் ஏறுமுன் வேலை, பத்து மணிக்குமேல் மண்டபத்து நிழல். சீமெந்துப் பை தூக்க நிற்காதீர்கள், அதற்கு இளம் பெடியள் இருக்கிறார்கள். விசாவை வருமுன் ஒழுங்கு செய்யுங்கள். ஐம்பத்தைந்து தாண்டியவர்கள் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. போகும்போது, எந்த நாளில் எத்தனை பை சீமெந்து, எந்தக் கிணற்றுத் தண்ணீர், எங்கே மணல் எடுத்தது என்று எழுதிய கொப்பியைச் சபையிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள்.

பன்னிரண்டு வருடம் கழித்துச் சாரம் கட்டுகிறவனுக்கு அந்தக் கொப்பி பொன். பணம் வங்கியால் வந்துவிடும். ஈரச்சாக்குப் போட்டுத் தூணுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற, ஒரு செம்பு நீரை வாயில் விட்டுப் பார்க்க, மணல் லோட்டை எண்ண, அவசரப்படாத இரண்டு பேர் வேண்டும். அவசரமெல்லாம் முடிந்த வயதில்தானே நீங்கள் இருக்கிறீர்கள்? அடுத்த தை மாதம் பலாலியாலோ கட்டுநாயக்காவாலோ வந்து இறங்கி, மேசன்மாரோடு பிளேன்டீ குடிக்கிற நாலைந்து சோடியையாவது வலிகாமத்தில் காண்பேன் என்று நம்புகிறேன். சபைத் தலைவர்மாரே, கதிரையைப் போட்டு மூலையில் இருத்திவிடாமல், அவர்கள் கையில் கொப்பியையும் செம்பையும் கொடுங்கள்.