கொடைக் கண்ணும் காலக் கணக்கும்



சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு, முதியவர் ஒருவர் காலமான வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவர் தம் கண்களைக் கொடையாக அளிக்க விரும்பியிருந்தார். "உறவினர் வந்து சேரட்டும், ஐயா, நாளைப் பகலில் எடுத்துக்கொள்ளலாமே" என்றார் அவருடைய மகன். அன்று அவருக்கு நான் கூறிய விடையையே இன்று உங்களுக்கும் கூற விழைகிறேன்.

கண்ணின் முன்புறத்தே பளிங்குபோல் விளங்கும் கருவிழியின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. அதன் உட்புறத்தில் ஒற்றை வரிசையாக உயிரணுக்கள் பதிந்துள்ளன. ஓட்டைப் படகில் புகும் நீரை ஓயாமல் இறைத்துக் கொட்டும் படகோட்டியைப் போல, கருவிழிக்குள் கசியும் நீரை அவை இடைவிடாது வெளியேற்றுகின்றன. தெளிவின் இரகசியம் இதுவே. வளர்ந்தவர் கண்ணில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 அணுக்கள் உண்டு. இவை மடிந்தால் மீண்டும் பிறப்பதில்லை. எஞ்சியவையே விரிந்து இடத்தை நிரப்பும். எண்ணிக்கை 500 அளவுக்குக் குறைந்தால் கருவிழி வீங்கி மங்கக்கூடும்.

உயிர் பிரிந்ததும் இவ்வணுக்களுக்கு உணவு வரத்து நின்றுவிடுகிறது. ஆகவேதான் ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துவிட வேண்டும் என்கிறோம். எடுத்த கருவிழியை ஊட்டநீரில் இட்டுக் குளிரில் வைக்கிறோம். குளிரில் அணுக்களின் தேவை குறைகிறது. ஆனால் நீர் இறைக்கும் தொழிலும் தளர்கிறது. அதனால் கருவிழி உப்பிச் சற்றே மங்குகிறது. இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. பிறர் கண்ணில் பொருத்தியபின் உடற்சூட்டில் அணுக்கள் மீண்டும் இறைக்கத் தொடங்கும், வீக்கம் வடியும். ஆனால், காத்திருந்த நாட்களில் மடிந்த அணுக்கள் திரும்பி வாரா. வீக்கம் மீளும், இழப்பு மீளாது. சேமிப்புக் கலையின் சிக்கல் முழுவதும் இதில் அடங்கும்.

1905இல் ஒலோமொட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் முதன்முதலாக இச்சிகிச்சையில் வெற்றி கண்டபோது, உயிரோடிருந்த ஒரு சிறுவனிடமிருந்து அகற்றப்பட்ட கண்ணே பயன்பட்டது. 1930களில் ஒடெஸாவில் பிலாத்தவ், இறந்தோர் கண்களைக் குளிரில் காத்துப் பயன்படுத்தினார். முழுக் கண்ணையும் ஈரக் குப்பியில் வைத்தால் ஓரிரு நாளே தாங்கும். 1974இல் மெக்கேரி, காஃப்மன் இருவரும் அறிவித்த ஊட்டநீர் அதை நான்கு நாளாக்கியது. இன்றைய நீர்மங்கள் பதினான்கு நாள் வரை காக்கின்றன. ஐரோப்பாவில் 30 முதல் 37 பாகை வெப்பத்தில் நான்கு வாரம் வரை வளர்ப்பூடகத்தில் வைத்து, அறுவைக்கு முன் வேறொரு நீர்மத்தால் வீக்கத்தை வடிப்பதும் உண்டு.

எனினும், எந்த நீர்மமும் வீட்டில் வீணான மணிகளை மீட்டுத் தராது. இதைக் கேட்ட அந்த மகன் சற்று மௌனமாயிருந்தார். பிறகு, "இப்பொழுதே வாருங்கள்" என்றார்.

நீங்களும் நினைவில் கொள்ளுங்கள்: இமைகளை மூடுங்கள்; ஈரப் பஞ்சை அவற்றின்மேல் வையுங்கள்; மின்விசிறியை நிறுத்துங்கள்; கண் வங்கிக்கு உடனே சொல்லியனுப்புங்கள். கொடுக்கும் மனம் மட்டும் போதாது. காலத்தே கொடுப்பதே கண் கொடை.