வழுக்கும் பந்தும் விளையாட வராத பிள்ளையும்
(ஒன்றிய அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளியில் இருக்கும் பொருளைக் கொண்டே பாடம் நடத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கொண்டுவந்திருப்பது இரண்டு பொருள்கள். ஒன்று, வழவழப்பாகிப்போன கூடைப்பந்து. மற்றொன்று, எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் ஊர்த் தச்சரும் சேர்ந்து செய்த மர உருளைச் சட்டம். பந்தின் பிடிப்பை மீட்கும் கருவி என்று பிள்ளைகள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு மீட்கும், எங்கே மீட்காது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

புதுக் கூடைப்பந்தைத் தடவிப் பாருங்கள். மேல்தோல் முழுக்கப் பொடிப்பொடியாகப் புடைப்புகள் இருக்கும். விரலுக்குப் பிடிப்பைத் தருபவை அவைதான். அவற்றை 'மணிகள்' என்று சொல்லிக்கொள்வோம். பந்து வழுக்குவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது அழுக்கு: மைதானத்துப் புழுதியும் கை வியர்வையும் எண்ணெய்ப் பசையும் மணிகளின் இடுக்கில் அடைந்துவிடுகின்றன. இரண்டாவது தேய்வு: சிமெண்டுத் தரையில் தட்டித் தட்டி மணிகளே மழுங்கிவிடுகின்றன. மூன்றாவது மிகுதியான காற்று: பந்து கல்லாக இறுகிவிட்டால் விரல் பதிய இடமே இருக்காது.

மூன்றாவது காரணத்தை வகுப்பில் சொன்னபோது, அண்ணனின் புத்தகத்தைப் படித்திருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "உராய்வு தொடுபரப்பைப் பொறுத்தது இல்லை என்று பிளஸ் ஒன் புத்தகத்தில் இருக்கே, சார்?" என்றான். நல்ல கேள்வி. மரக்கட்டை, இரும்புத் துண்டு போன்ற கெட்டியான பொருள்களுக்கு அந்த விதி ஏறக்குறையப் பொருந்தும். தோலும் ரப்பரும் மெத்தென்று அமுங்கிப் பதிபவை. அவற்றில் உண்மையாகத் தொடும் பரப்பு கூடினால் பிடிப்பும் கூடும். விதிக்கு எல்லை உண்டு என்பதை ஒரு பந்தை அழுத்திப் பார்த்தே பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள்.

இப்போது கருவி. பூரிக்கட்டை மாதிரி இரண்டு உருளைகள் சட்டத்தில் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கின்றன. இரண்டின் மீதும் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருக்கிறோம். ஒன்றில் கைப்பிடி இருக்கிறது. பந்தை உருளைகளின் மேல் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் பந்து நின்ற இடத்திலேயே சுழலும். ஒரு பிள்ளை சுற்ற, இன்னொரு பிள்ளை மென்மையான பிரஷைப் பந்தின் மேல் ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு மக் தண்ணீரில் சில சொட்டு சோப்புத் திரவம் போதும். பிரஷ் ஈரமாக இருந்தால் போதும். பந்தை முக்கக் கூடாது, காற்றடைக்கும் துளையில் தண்ணீர் இறங்கக் கூடாது. ஒரு சுற்று முடிந்ததும் பந்தைச் சற்றுத் திருப்பி வைத்து அடுத்த பட்டையைத் தேய்க்கலாம். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். சோப்பு தங்கிவிட்டால் அதுவே வழுக்கும். கடைசியில் நிழலில் உலர்த்த வேண்டும்.

உருளைகள் நனைந்துவிட்டால் பந்து சுழலாது. பந்தின் உராய்வை மீட்க வந்த கருவி, தானே உராய்வு இல்லாமல் ஓடாது. நான் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க முயன்றதை அந்த ஒரு நிமிடம் புரியவைத்தது.

கழுவினால் போதுமா? பிடிப்பு கூடியதா என்று பார்க்க வேண்டாமா? அதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறோம். இரண்டு மேசைகளைச் சற்று இடைவெளி விட்டுப் போட்டு, அந்த இடைவெளியின் மேல் பந்தை அமர்த்தி ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு விரல் அகலமுள்ள துணிப்பட்டை ஒன்றைப் பந்தின் உச்சி வழியாகப் போட்டு, இரு முனைகளும் இடைவெளியில் தொங்கும்படி விட வேண்டும். இரு முனைகளிலும் ஒரே மாதிரியான பிளாஸ்டிக் பாட்டில்கள். ஒன்றில் 200 மில்லி தண்ணீர். மற்றதிலும் அதே 200 மில்லியில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பட்டை எப்போது வழுக்கி இறங்குகிறதோ அப்போது அந்தப் பாட்டிலில் இருக்கும் தண்ணீரை அளந்து எழுத வேண்டும். வழுக்க அதிகத் தண்ணீர் தேவைப்பட்டால் பிடிப்பு அதிகம். கழுவுவதற்கு முன் ஒரு முறை, உலர்ந்த பின் ஒரு முறை. அதே பட்டை, அதே அளவு காற்று. மூன்று தடவை செய்து சராசரி எடுத்தால் கணக்குப் பாடமும் ஆயிற்று.

இந்தச் சோதனை எங்களுக்கு ஓர் உண்மையைக் காட்டியது. அழுக்கேறிய பந்துகளில் கழுவிய பின் அளவு நன்றாகக் கூடியது. மணிகள் மழுங்கிய பந்துகளில் எவ்வளவு தேய்த்தும் அசையவில்லை. கழுவுவதால் அழுக்கு போகும். போன மணி முளைக்காது.

"உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சொரசொரப்பு வராதா?" என்று உடற்கல்வி ஆசிரியர் கேட்டார். பௌலிங் விளையாட்டில் அப்படிச் செய்கிறார்கள். அந்தப் பந்தின் மேற்பரப்பைச் சுழற்றித் தேய்ப்பதற்கென்றே எந்திரம் இருக்கிறது. அந்தப் பந்து கனமான கெட்டி உருண்டை. மேலே சற்றுத் தேய்ந்தாலும் தாங்கும். நம் பந்தின் மேல்தோல் மெல்லியது. உப்புத்தாள் முதலில் பதம் பார்ப்பது மிச்சமிருக்கும் மணிகளைத்தான். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். ரப்பர் ஊதிக் கெட்டுவிடும், பிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது. தோல் பந்தாக இருந்தால் கழுவாமல் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் பேஸ்பால் விளையாட்டில் புதுப்பந்தே வழவழப்பாக இருக்கும். அதனால் ஆட்டத்துக்கு முன் ஒருவகைச் சேற்றைப் பந்தின் மேல் தேய்ப்பார்கள். 1938-இல் லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்சியாளர் டெலாவேர் ஆற்றுப் பகுதியில் கண்டெடுத்த சேறு அது. அந்தச் சேற்றைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2024-இல் கட்டுரை வெளியிட்டார்கள். களிம்பு போல மெல்லப் பரவுவதும், அதிலுள்ள நுண்மணல் பந்தில் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பைத் தருவதும்தான் அதன் சிறப்பு என்று கண்டார்கள். ஒரு கைப்பிடிச் சேற்றுக்குள் அவ்வளவு அறிவியல் இருக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. 2006-இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டிகளில் தோல் பந்தை எடுத்துவிட்டுச் செயற்கை இழைப் பந்தைக் கொண்டுவந்தார்கள். வியர்வை பட்டால் வழுக்குகிறது, விரலை அறுக்கிறது என்று வீரர்கள் முறையிட்டார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்து இயற்பியலாளர்கள் இரண்டு பந்துகளையும் சோதித்தார்கள். 2007 ஜனவரி 1 முதல் பழைய தோல் பந்தே திரும்பி வந்தது.

நண்பர்களே, இதைச் சற்று யோசியுங்கள். ஒரே கையால் பந்தைக் கவ்விப் பிடிக்கும் ஆறரை அடி வீரர்கள், பந்து வழுக்குகிறது என்றார்கள், உலகம் கேட்டது. நம் ஏழாம் வகுப்புப் பிள்ளை அதைச் சொல்லத் தெரியாமல் பந்தைத் தவறவிடுகிறது. மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அடுத்த வாரம் வயிற்றுவலி என்று வகுப்பிலேயே உட்கார்ந்துகொள்கிறது. 'அந்தப் பிள்ளைக்கு விளையாட்டு வராது' என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

எங்கள் பள்ளியில் அப்படி ஒதுங்கி நின்ற மாணவி ஒருத்தி இருந்தாள். இந்தச் சோதனையில் தண்ணீர் அளக்கும் வேலை அவளுடையது. கழுவிய பந்தை யாரும் சொல்லாமலே அவள்தான் முதலில் எடுத்தாள். சுவரில் எறிந்தாள், பிடித்தாள். மறுபடி எறிந்தாள். அவள் பெரிய வீராங்கனை ஆகிவிடவில்லை. ஆனால் இப்போது விளையாட்டுப் பாடவேளையில் வகுப்பறையில் உட்காருவதில்லை. எனக்கு அது போதும்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது மூன்று. பீரோவில் பூட்டியிருக்கும் பந்துகளை வெளியே எடுங்கள். இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது, பந்து பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, பந்தில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த அளவையும் பந்தின் எண்ணையும் பாருங்கள். ஆண்கள் ஆட்டத்துக்கு 7, பெண்கள் ஆட்டத்துக்கு 6, சிறுவர்களுக்கு 5. ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் 7-ஆம் எண் பந்தைக் கொடுத்துவிட்டுப் பிடிப்பைக் குறை சொல்வதில் பொருளில்லை. மூன்றாவது, கழுவியும் தேறாத பந்தைப் பிடித்தெறியும் பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகள் உருட்டி விளையாடக் கொடுங்கள். சோதனை அளவையும் தேதியையும் ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். 'பந்து பழசு' என்று வாயால் சொல்வதைவிட, புதுப் பந்து கேட்கும்போது அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

கருவி செய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பிரஷும் துணியும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் ஒரு பிள்ளையின் கையைக் குறை சொல்வதற்கு முன் பந்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள்.