விழா எடுத்த அரசுகள்



ஆடிப்பூரம் வந்துவிட்டால் மகாராஜபுரம், வத்திராயிருப்பு, ராஜபாளையம் பக்கத்துச் சனமெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். ஆண்டாள் தேர் நகரும்போது யாருக்கும் அரசியல் நினைவு வராது, வரவும் வேண்டாம். ஆனால் இப்படிக் கூடும் கூட்டத்தின் பலத்தை அரசர்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள்.

விஜயநகரத்தின் கிருஷ்ணதேவராயர் நம் ஆண்டாள் கதையைத் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ என்று காவியமாக்கினார். பக்தி நூல்தான். அதற்குள்ளேயே நாட்டை ஆள்வது எப்படி என்று ராஜநீதியும் பேசுகிறார். இரண்டும் ஒரே ஏட்டில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய தலைநகரில் மகாநவமி பெருவிழா. படைத்தலைவர்கள் அப்போது கப்பத்தோடு வந்து நிற்க வேண்டும். போர்த்துக்கீசியரான நூனிஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். மதுரை நாயக்கர்களும் அதே வழியில் நவராத்திரி கொண்டாடினார்கள். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில் மைசூர்ப் படை மதுரையை நெருக்கியது. மூக்கறுப்புப் போர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ராமநாதபுரம் ரகுநாத சேதுபதி படையோடு வந்து காப்பாற்றினார். அதற்கு நாயக்கர் செய்த கைம்மாறுகளில் ஒன்று, மதுரையைப் போலவே ராமநாதபுரத்திலும் நவராத்திரி கொண்டாடும் உரிமை.

யோசித்துப் பாருங்கள். அம்மனுக்கு விழா எடுப்பது இன்னொரு அரசர் கொடுக்கும் வெகுமதியாக இருந்திருக்கிறது! அதைப் பெற்ற சேதுபதிக்கும் அது பெரிய கௌரவம்தான். தனக்குக் கீழே உள்ளவர்களை வரிசையில் நிறுத்த அவருக்கும் ஒரு விழா கிடைத்துவிட்டது. யாருக்கு முதல் பரிவட்டம், யார் எந்தப் பக்கம் நிற்பது, யார் வாசலுக்கு வெளியே நிற்பது என்பதெல்லாம் சாமி முன்னிலையில் முடிவானால், எதிர்த்துக் கேட்க எவனுக்குத் துணிச்சல் வரும்? உத்தரவை மீறத் துணிகிறவன்கூட வழக்கத்தை மீறத் தயங்குவான். ஆட்சியாளர்களுக்கு மரபின் மேல் வரும் பற்றுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. போன நூற்றாண்டில் தாய்லாந்திலும் இதைப் பார்த்தோம். தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் ஒரு விழாவுக்குத் ‘திரியம்பாவாய் திரிபாவாய்’ என்று பெயர். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும் கடல் கடந்து போய்ச் சேர்ந்த இடம் அது. அந்த நாட்டில் 1958-இல் ராணுவத் தளபதி சரித் தனரத் அரசியல் சட்டத்தைத் தூக்கி எறிந்தார், நாடாளுமன்றத்தைக் கலைத்தார், கட்சிகளைத் தடை செய்தார். அவர் ஆட்சியில்தான், நின்றுபோயிருந்த அரச படகு ஊர்வலம் திரும்ப வந்தது. நம் ஊரில் பொன்னேர் பூட்டுவது போன்ற அரச உழவு விழா 1960-இல் மறுபடி தொடங்கியது. அழகான விழா, அங்கே விதைக்கும் நெல்மணியைப் பொறுக்க இன்றும் மக்கள் ஓடி வருகிறார்கள். ஆனால் அவர்கள் கையில் வாக்குச்சீட்டு திரும்பி வர 1969 ஆகிவிட்டது. அதற்குள் சரித் இறந்தே ஐந்தாண்டுக்கு மேல் ஓடியிருந்தது.

விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரபு மக்களுடையது. அதனால்தான் மக்கள் அதைத் திருத்தவும் முடிந்தது. 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரைக் காங்கிரஸ்காரர் அ. வைத்தியநாதய்யர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். மரபு கெட்டது என்று எதிர்த்தவர்கள் உண்டு. கோயில் கெடவில்லை, மீனாட்சி கல்யாணத்துக்குக் கூட்டம் குறையவுமில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, எப்போதிலிருந்து, யார் கொடுத்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.