ஊசிக்குக் கை நீட்டியவனுக்குக் கோர்ட் வாசலா?

குன்னூர்ப் பெரியோர்களே, கொழுந்து எடை போட்டுவிட்டு அப்படியே வந்து நிற்கிற என் அக்கா தங்கைகளே!

தடுப்பூசியைப் பற்றிப் பேச நம்மைவிட உரிமை உள்ள ஊர் எது? 1907-இல் பாஸ்டர் நிலையம் வந்த ஊர் இது! தென்னாட்டில் நாய் கடித்தவன் குன்னூரைத்தான் தேடினான். தொப்புளைச் சுற்றிப் போடுவார்களே, ஆட்டு மூளையில் செய்த ஊசி, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எத்தனையோ உயிரைக் காத்த ஊசி அது. அபூர்வமாகச் சிலருக்குக் கை கால் விழுந்தது. காத்ததும் உண்மை, முடக்கியதும் உண்மை. முடங்கியவன் வீட்டில் உலை வைக்க ஒரு சட்டம் இருந்ததா? இல்லை!

2021-க்கு வருகிறேன். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று இருபதாயிரம் பேருக்கு மேல் கொரோனா ஊசி போட்ட மாவட்டம் இது. யார் போட்டது? பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லமாட்டேன். அட்டைக் கடியோடு, யானைப் பாதையில், ஐஸ் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாரே ஒரு நர்ஸ் அம்மா, அவர் போட்டார்! கைதட்டுங்கள், அந்த அம்மாவுக்குக் கேட்கட்டும்!

அப்போது சிலர் என்ன செய்தார்கள்? சொகுசாக உட்கார்ந்து, "ஊசி போட்டால் இரண்டு வருஷத்தில் சாவு" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். இன்று அவர்களே பாதிக்கப்பட்டவனுக்காக அழுகிறார்கள். ஐயா, ஊசிக்கு நாங்கள் எதிரி இல்லை. ஊசியை நம்பியவனுக்காகக் கேட்கிறோம்!

கோவிஷீல்டு போட்ட பிறகு பெண் பிள்ளைகளை இழந்த பெற்றோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2022 நவம்பரில் மத்திய அரசு என்ன சொன்னது? ஊசி அவரவர் விருப்பம், அரசு பொறுப்பில்லை, சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். கொழுந்து பறிக்கிற அம்மா வேலையை விட்டு உதகை கோர்ட்டில் நிற்பாளா? மருந்துக் கம்பெனியின் தவறை ஆய்வுக்கூடம் வைத்து நிரூபிப்பாளா?

மருந்துப் பரிசோதனைக்கு உடம்பைக் கொடுத்து அதனால் பாதிக்கப்பட்டவனுக்கு நஷ்டஈடு உண்டு, 2019 விதிகள் சொல்கின்றன. முகாமில் வரிசையில் நின்றவன் என்ன பாவம் செய்தான்? ஊசியால் பாதிக்கப்பட்டவனுக்குப் பணம் கொடுக்க பிரிட்டன் 1979-இலேயே சட்டம் போட்டது. அமெரிக்கா 1986-இல் போட்டது. அங்கே ஊசி தடுக்கிற ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி, அந்தப் பணம் நிதியில் சேர்கிறது, பாதிக்கப்பட்டவன் யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் கோடி கோடியாக ஊசி போட்டோமே, ஒரு ஊசிக்கு ஒரு ரூபாய் ஒதுக்கியிருந்தாலே போதாதா?

ஊசிக்குப் பின் வந்த எல்லாச் சாவும் ஊசியால் வந்ததல்ல. அதை நிபுணர் குழு பார்க்கட்டும். பார்த்த அறிக்கையை அந்தக் குடும்பத்தின் கையில் தமிழில் கொடுக்கட்டும்! இல்லையென்றால் பழி யார் மேல் விழும்? எஸ்டேட் லைனில் நாளை மறுபடி கதவைத் தட்டப் போகிற அதே நர்ஸ் அம்மா மேல்தான். அவருக்காகவும் கேட்கிறேன், நம் நாட்டுக்கும் இப்படி ஒரு நஷ்டஈட்டுச் சட்டத்தை.

மேடைக்கு இடப்பக்கம் மனு இருக்கிறது. நம் எம்.பி. கையில் கொடுக்கப் போகிறோம். கையெழுத்துப் போடாமல் யாரும் பஸ் ஏறாதீர்கள்!