மேடையில் யாருக்கு இடம்?

(பொன்விழாத் தொடக்க நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா இரவுக்கு வெளியூர் இன்னிசைக் குழுவை அழைப்பதா, நம்மவரே நாடகம் நடத்துவதா என்று விழாக்குழுவில் இரு கருத்து நிலவுகிறது. நாம் எப்பக்கம் என்பதை மறைக்கவில்லை. அதற்குக் காரணமானவர் கடலுக்கு அப்பால் வாழ்ந்த ஒரு குருவானவர்.

யாழ்ப்பாணத்து இளவாலையைச் சேர்ந்த நீ. மரிய சேவியர் அடிகளார் 1965-இல் திருமறைக் கலாமன்றத்தைத் தோற்றுவித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவெய்திய ஆண்டு அது. ஆண்டவரின் திருப்பாடுகளை நாடகமாக்கி ஊர் மக்களையே நடிக்க வைத்தார். நாட்டுக்கூத்துக்கும் மன்றத்தில் இடமளித்தார். போரும் இடப்பெயர்வும் மக்களை அலைக்கழித்த காலத்திலும் மன்றம் கலைப்பணியைக் கைவிடவில்லை. 'கலைமுகம்' இதழ் 1990-இல் பிறந்தது. மொழி புரியாதவரும் காணும்படி வார்த்தைகளற்ற நாடகங்களையும் மேடையேற்றினர். 2021-இல் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். திருச்சியில் 1977 முதல் கலைக்காவிரியும் இத்தகைய பணியை ஆற்றி வருகிறது.

ஈழத்துக் கடற்கரைக் கத்தோலிக்கர் ஆடிய கூத்துகளுள் ஒன்று தேவசகாயம் பிள்ளையின் கதை! 1712-இல் நம் நட்டாலத்தில் பிறந்து, 1752-இல் காற்றாடி மலையில் உயிர்நீத்து, கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் துயில்பவர் அவர். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அதற்கு வெகுகாலம் முன்பே அங்குள்ள மீனவர்கள் அவருக்காக விடிய விடியப் பாடியிருக்கிறார்கள். அவர்களுள் பலர் ஏடு பார்த்துப் படித்தவர்கள் அல்லர். அண்ணாவியார் பாடக் கேட்டு மனத்தில் பதித்தவர்கள்.

இதைச் சொல்லும்போது நமக்கு வெட்கமாக இருக்கிறது. நாம் இப்பங்கிற்கு வந்த முதல் தவக்காலத்தில் பாடுகளின் நாடகத்துக்கு ஆள் தேர்ந்தோம். தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். கடலுக்குப் போகும் இளைஞர் ஒருவர் மூன்று மாலை பள்ளி வாசலில் நின்றார். எழுத்துக்கூட்டி வாசித்தார், "அடுத்த வருடம் பார்ப்போம், தம்பி" என்று அனுப்பிவிட்டோம். பிறகொரு நாள் துக்க வீட்டில், தம் பாட்டனாரிடம் கேட்ட கூத்துப் பாட்டை ஓரிடமும் தடுமாறாமல் அவர் பாடக் கேட்டோம். அடுத்த ஆண்டு ஆள் அனுப்பினோம். அவர் வரவில்லை. குற்றம் அவருடையது அன்று. வாசிப்பையே வாசலாக்கிய நம்முடையது.

இன்னொன்று. திருவிழா மேடைக்கு முன் நன்கொடையாளருக்கு நாற்காலி போடுகிறோம். காது மங்கிய பாட்டிமார் பின்னால் மணலில் அமர்ந்து ஒலிபெருக்கியின் இரைச்சலை மட்டும் கேட்கிறார்கள். (பெயர் போட்டுவைத்த நாற்காலிகளுள் பாதி ஒன்பது மணிக்கே காலியாகிவிடுவதையும் பார்த்திருக்கிறோம்.) இம்முறை முன்வரிசை முதியோருக்கும் நடக்க இயலாதோருக்கும். சக்கர நாற்காலி வர, மணல்மேல் பலகை போடச் சொல்லியிருக்கிறோம். நன்கொடையாளர் பொறுத்தருள்க.

குழுவினர் இசைந்தால் தேவசகாயம் பிள்ளையின் கதையையே ஆடலாம். பழைய கூத்து ஏடு எவர் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் கொண்டுவாருங்கள். படியெடுத்துப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். அக்காலத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினர். ஞானப்பூ அம்மையாராக இம்முறை நம் பெண்களில் ஒருவரே நடிக்கட்டும்.

ஒத்திகை ஞாயிறுதோறும் மாலை மூன்று மணிக்கு, கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வைத்திருக்கிறோம். யார் கையிலும் தாள் கொடுக்கப்போவதில்லை. அந்த இளைஞரின் வீட்டுக்கு நாளை மாலை நாமே போகிறோம்.